கூட இருந்தவர்களுக்கு டிபி பரிசோதனை: இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

ஒருவருக்கு நுரையீரல் டிபி என்று முடிவு வந்துவிட்டது, மாத்திரையும் தொடங்கியாகிவிட்டது. அவர் பெயர் எழுதிய ஒரு தாளை உங்கள் கையில் கொடுத்து, "இவர் கூட இருந்தவங்களைப் பார்த்துட்டு வாங்க" என்று அனுப்புகிறார்கள். முதல் நாள் எல்லாருக்கும் இப்படித்தான். பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததெல்லாம் பரிசோதனைகளைப் பற்றி. வாசலில் போய் நின்றதும்தான், யாரைப் பரிசோதிப்பது என்பதே முதல் சிக்கல் என்று தெரியவரும். அந்த வாசலில் நிற்பவருக்காகத்தான் இதை எழுதுகிறேன், செவிலியரோ களப்பணியாளரோ தன்னார்வலரோ யாராக இருந்தாலும் சரி. வீட்டில் ஒருவருக்கு டிபி வந்து, "நமக்கும் பார்க்கணுமா?" என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களும் படிக்கலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கிருமி உடம்புக்குள் போவது வேறு, நோய் வருவது வேறு. உலக மக்களில் சுமார் நாலில் ஒருவர் உடம்பில் டிபி கிருமி எப்போதோ நுழைந்திருக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களில் பெரும்பாலோர் கடைசிவரை நோயாளி ஆவதே இல்லை. 100 பேரில் 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது அது நோயாக மாறும். மற்றவர்களிடம் கிருமி உறங்கிக் கிடக்கும், அவர்களிடமிருந்து யாருக்கும் பரவாது. ஆனால் அந்த ஆபத்து வாழ்நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. கிருமி புதிதாக நுழைந்த முதல் இரண்டு வருடங்களில்தான் அதிகம், அப்புறம் படிப்படியாகக் குறையும். நோயாளியோடு ஒரே கூரையின் கீழ் இருந்தவர்கள் பெரும்பாலும் அந்த இரண்டு வருடத்துக்குள் இருப்பவர்கள், அதனால்தான் அவர்களைத் தேடிப் போகிறோம். வருமானம் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இப்படிக் கூட இருந்த 100 பேரில் ஏறக்குறைய 3 பேருக்குத் தேடிப் போன நேரத்திலேயே நோய் இருந்திருக்கிறது.

ஆகவே பட்டியலில் உள்ள ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டு கேள்விகள். இவருக்கு இப்போதே நோய் இருக்கிறதா? இல்லை என்றால், வராமல் தடுக்க மாத்திரை கொடுக்கலாமா? இந்த வரிசை மாறவே கூடாது. முதல் கேள்விக்கு விடை தெரியாமல் இரண்டாவதற்குத் தாவினால், முழு நோய் உள்ளவருக்கு ஒன்றோ இரண்டோ மருந்தை மட்டும் கொடுத்து, அந்த மருந்தைத் தாங்கிக்கொள்ளக் கிருமிக்கு நாமே பழக்கிக் கொடுத்தது போலாகிவிடும்.

போவதற்கு முன்னால்

நோயாளியின் தாளை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். எந்த இடத்து டிபி? நுரையீரல் அல்லது குரல்வளை என்றால் காற்றில் பரவியிருக்கும். கழுத்துக் கட்டி, எலும்பு, வயிறு மட்டும் என்றால் அவரிடமிருந்து பரவுவது அபூர்வம். ஆனால் அவருக்கு யாரிடமிருந்து வந்தது என்ற கேள்வி அங்கே இருக்கிறது, முக்கியமாக நோயாளி சின்னக் குழந்தையாக இருந்தால். குழந்தைக்கு டிபி என்றால், இருமிக்கொண்டிருக்கும் ஒரு பெரியவர் பக்கத்தில் எங்கோ இருக்கிறார் என்று அர்த்தம், அவரைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை. அடுத்து, சளியில் கிருமி தெரிந்ததா? தெரிந்திருந்தால் பரவும் வாய்ப்பு கூடுதல், ஆனால் தெரியவில்லை என்பதற்காகக் கூட இருந்தவர்களை விட்டுவிடக் கூடாது. டிபி சிகிச்சையின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு உண்டா, அதாவது அந்த மருந்துக்கு அசையாத கிருமியா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தடுப்பு மாத்திரை விஷயத்தில் எல்லாவற்றையும் மாற்றிப்போடுகிற தகவல் அதுதான். கடைசியாக, சிகிச்சை தொடங்கிய தேதி. அங்கிருந்து பின்னோக்கி மூன்று மாதம் எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு என்95 முகக்கவசம், நோயாளிக்குச் சாதாரண அறுவைசிகிச்சை முகக்கவசம். இரண்டும் ஒன்றல்ல: அவருடையது அவர் வாயிலிருந்து வருவதைத் தடுக்க, உங்களுடையது காற்றில் மிதப்பதை நீங்கள் இழுக்காமல் இருக்க. முகக்கவசத்தைவிடப் பெரிய பாதுகாப்பு காற்றோட்டம். மூடிய அறைக்குள் உட்கார்ந்து பேசாதீர்கள், வாசலிலோ மொட்டைமாடியிலோ பேசுங்கள். தட்டு, டம்ளர், துணி, கைகுலுக்கல் எதிலும் டிபி பரவாது. இதை வீட்டில் உள்ளவர்களிடம் சத்தமாகச் சொல்லுங்கள். நோயாளிக்குத் தனித் தட்டு வைத்துவிட்டு ஜன்னலை மூடியே வைத்திருக்கும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன், சரியாகத் தலைகீழ்.

பட்டியல்

மொத்த வேலையில் பாதி இதுதான், ஆனால் பலரும் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவது இதைத்தான். பரிசோதனை எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், பட்டியலில் இல்லாதவரை அது கண்டுபிடிக்காது.

நான் தொடக்கத்தில் "உங்க குடும்பத்துல எத்தனை பேர்?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அது எவ்வளவு தப்பான கேள்வி என்று புரியக் கொஞ்ச காலம் ஆனது. குடும்பம் என்றதும் வெளியூரில் இருந்துகொண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் மகன் பட்டியலில் ஏறிவிடுவார், பக்கத்து அறையில் தினமும் தூங்கும் வாடகைக்காரர் விட்டுப்போவார். காற்றுக்கு உறவுமுறை தெரியாது. இப்போது இப்படிக் கேட்கிறேன்: "போன மூணு மாசத்துல இந்த வீட்டுல ஒரு ராத்திரியாவது தூங்கினவங்க யார் யார்?" அதற்குப் பதில் வந்ததும் அடுத்தது: "தூங்கலைன்னாலும், பகல்ல அடிக்கடி வந்து ரொம்ப நேரம் உள்ளே இருந்தவங்க?" இந்த இரண்டும் சேர்ந்ததுதான் வீட்டுத் தொடர்பு. சிகிச்சைக்கு முந்தைய மூன்று மாதத்தில், மூடிய ஒரே இடத்தில், ஒரு இரவோ அதற்கு மேலோ அல்லது அடிக்கடி நீண்ட பகல் நேரமோ கூட இருந்தவர்கள்.

அப்புறம் வீட்டுக்கு வெளியே வாருங்கள். வேலை செய்யும் இடத்தில் அறை மூடியிருக்குமா, யார் பக்கத்தில் உட்காருவார், ஒரே வண்டியில் தினமும் யாரோடு போவார், டியூஷன், விடுதி அறை, பிரார்த்தனைக் கூட்டம், சீட்டாட்டம். கடைசியாகச் சொன்னதை நோயாளி தானாகச் சொல்லமாட்டார், நீங்கள்தான் சிரித்துக்கொண்டே கேட்க வேண்டும். "காலையில் எழுந்ததிலிருந்து தூங்கும்வரை நேற்று... இல்லை, உடம்பு முடியாமல் போவதற்கு முன்னால் ஒரு சாதாரண நாளில், எங்கெல்லாம் இருந்தீங்க?" என்று ஒரு நாளை நடத்திக் காட்டச் சொன்னால் பெயர்கள் தானாக வந்து விழும். பேருந்தில் அரை மணி நேரம் பக்கத்தில் நின்றவரையெல்லாம் தேட வேண்டியதில்லை. எவ்வளவு நேரம், எவ்வளவு சின்ன அறை, எவ்வளவு காற்று என்ற மூன்றையும் வைத்து யோசியுங்கள்.

முதல் சந்திப்பில் பட்டியல் முழுமையாக வராது. நோய் என்று கேள்விப்பட்ட அதிர்ச்சியில் இருப்பார், சிலருக்குக் கோபம், சிலருக்கு வெட்கம். கொஞ்சம் பேசிவிட்டு, ஒரு வாரத்துக்குள் இன்னொரு முறை போங்கள், முதல் முறை சொல்லாத பெயர் இரண்டாவது முறை வரும். எல்லாரும் கூடி நிற்கும்போது கேட்காதீர்கள். தனியாகக் கேளுங்கள். பெயர்களை வாங்கும் முன்பே ஒரு வாக்குக் கொடுங்கள், கொடுத்ததைக் காப்பாற்றுங்கள்: "உங்க பேரை வெளியில யார்கிட்டயும் சொல்லமாட்டேன்." வேலையிடத்துக்குப் போகும்போது "இங்கே ஒருவருக்கு டிபி இருந்திருக்கலாம், அதனால் பரிசோதனை" என்று மட்டும்தான் சொல்ல வேண்டும். அவர்கள் யூகிப்பார்கள், நாலு பெயரைச் சொல்லி உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். இல்லை என்றும் ஆமாம் என்றும் இரண்டுமே சொல்லாதீர்கள். மூன்று பெயருக்கு இல்லை என்று சொல்லிவிட்டு நாலாவதற்கு மௌனமாக இருந்தால், அதுவும் சொன்ன மாதிரிதான்.

பட்டியல் நீளமாக இருந்தால் யாரை முதலில் பார்ப்பது? ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், எச்ஐவி உள்ளவர்கள், ஏற்கெனவே இருமலோ காய்ச்சலோ இருப்பவர்கள். இவர்களுக்கு அந்த வாரமே. இவர்களுக்கு அடுத்து சர்க்கரை நோய் உள்ளவர்கள், மெலிந்து கிடப்பவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், உறுப்பு மாற்றம் செய்தவர்கள், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், கல் உடைப்பது போன்ற வேலையில் சிலிக்கா தூசியை நெடுநாள் சுவாசித்தவர்கள்.

அறிகுறி கேட்பது

இருமல், காய்ச்சல், எடை குறைவது, ராத்திரியில் உடம்பு நனையும்படி வியர்ப்பது. நாலும் எளிய கேள்விகள்தான், ஆனால் கேட்கும் விதத்தில் விடை மாறும். "இருமல் இருக்கா?" என்றால் "இல்லீங்க, தொண்டைக் கமறல்தான்" என்பார்கள். சிகரெட் பிடிப்பவர் "அது எப்பவும் இருக்கற இருமல்" என்று கணக்கிலேயே சேர்க்கமாட்டார். "சளி இருக்கா?" என்று கேட்டால் ஜலதோஷத்தைக் கேட்பதாக நினைத்து இல்லை என்பார்கள். நம் மொழியில் மூக்கில் வருவதற்கும் நெஞ்சிலிருந்து வருவதற்கும் ஒரே சொல் என்பது இந்த வேலையில் தினசரித் தொல்லை. "இருமும்போது நெஞ்சிலிருந்து ஏதாவது வருதா?" என்று உடைத்துக் கேளுங்கள். எடைக்கு "போட்டிருந்த துணி இப்போ தொளதொளன்னு ஆயிடுச்சா?" என்று கேட்டால் போதும். பக்கத்தில் இருப்பவரையும் கேளுங்கள். ராத்திரி இருமுவது இருமுபவருக்குத் தெரியாது, பக்கத்தில் படுத்திருப்பவருக்குத் தெரியும்.

இரண்டு வாரம் இருமல் இருந்தால்தான் என்று படித்திருப்பீர்கள். அது பொதுமக்களுக்கான கணக்கு. கூட இருந்தவர் விஷயத்தில் நாள் கணக்குப் பார்க்க வேண்டாம், எந்த அறிகுறி எத்தனை நாளாக இருந்தாலும் மேற்பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

அறிகுறி இல்லை என்று சொன்னவரை அத்தோடு விட்டுவிடலாமா? கூடாது. பல நாடுகளில் வீடு வீடாகப் போய் நடத்திய கணக்கெடுப்புகளில், சளியில் கிருமி உறுதியானவர்களில் சுமார் பாதிப் பேர் தங்களுக்கு அறிகுறி எதுவும் இல்லை என்றுதான் சொன்னார்கள். புதிதாக வருபவர்கள் நம்பக் கஷ்டப்படும் விஷயம் இது. ஆள் நடமாடிக்கொண்டு, சிரித்துக்கொண்டு இருப்பார், எக்ஸ்ரேயில் மேல் நுரையீரலில் ஓட்டை இருக்கும்.

எக்ஸ்ரேயும் சளியும்

அதனால் வசதி இருக்கும் இடத்தில் எல்லாருக்கும் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துவிடுவதே நல்லது, அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும். கையில் தூக்கிப்போகும் எக்ஸ்ரே கருவிகள் வந்துவிட்டன. படத்தைக் கணினியே படித்து மதிப்பெண் போடும் மென்பொருளை 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. கதிரியக்க நிபுணர் இல்லாத இடங்களில் இது பெரிய உதவி. கர்ப்பிணிகள் எக்ஸ்ரே என்றதும் பயப்படுவார்கள். வயிற்றை மறைத்துக்கொண்டு எடுக்கலாம், ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் குழந்தைக்குப் போகும் கதிர்வீச்சு மிக மிகக் குறைவு. ஆனால் எக்ஸ்ரே என்பது சந்தேகத்தைக் கிளப்பும் கருவிதான். பழைய வடுவும் புது நோயும் சில சமயம் ஒரே மாதிரி தெரியும், முடிவு சொல்ல வேண்டியது சளி.

சளி எடுப்பதைச் சொல்லிக்கொடுக்காமல் டப்பாவை மட்டும் கையில் கொடுத்தால் எச்சில்தான் திரும்பி வரும். செய்துகாட்டுங்கள். வாயைத் தண்ணீரால் கொப்பளிக்க வேண்டும், இரண்டு முறை ஆழமாக மூச்சிழுத்து நிறுத்தி விட வேண்டும், மூன்றாவது மூச்சில் அடிவயிற்றிலிருந்து இரும வேண்டும். வருவது கெட்டியாக, 3 முதல் 5 மில்லி இருந்தால் நல்லது. காலையில் எழுந்ததும் எடுப்பது சிறந்தது. திறந்த வெளியில் எடுக்கச் சொல்லுங்கள், கழிப்பறைக்குள் வேண்டாம், அடுத்து உள்ளே போகிறவர் அந்தக் காற்றைத்தான் இழுப்பார். பெயரை டப்பாவின் உடம்பில் எழுதுங்கள், மூடியில் எழுதாதீர்கள். ஆய்வகத்தில் பத்து மூடியை ஒன்றாகத் திறந்து வைத்தால் எந்த மூடி எந்த டப்பாவுடையது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

சளியை எக்ஸ்பர்ட் போன்ற மரபணுப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் கிருமி உண்டா, ரிஃபாம்பிசினுக்கு அசையுமா என்ற இரண்டையும் சொல்லிவிடும். நுண்ணோக்கியில் மட்டும் பார்த்து நெகட்டிவ் என்று வந்ததை வைத்து, சந்தேகம் உள்ள ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. சளியில் கிருமி கொஞ்சமாக இருந்தால் நுண்ணோக்கி தவறவிடும்.

குழந்தைகள்

குழந்தைகளுக்குத் தனியாக ஒரு மனநிலை வேண்டும். சின்னக் குழந்தைக்குக் கிருமி நுழைந்தால் நோயாக மாறும் வேகம் பெரியவர்களைவிட மிக அதிகம். மூளைக்காய்ச்சலாகவும் உடம்பு முழுக்கப் பரவியும் வரலாம். பிறந்ததும் போட்ட பிசிஜி அந்த மோசமான வகைகளிலிருந்து நன்றாகக் காக்கும், ஆனால் தடுப்பூசி போட்டிருப்பதால் பரிசோதனை தேவையில்லை என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். குழந்தைக்கு இருமலைவிட வேறு விஷயங்களைக் கேளுங்கள்: எடை ஏறுகிறதா, விளையாடுகிறதா, காய்ச்சல் வந்து வந்து போகிறதா, கழுத்தில் கட்டி உண்டா. எடைப் பதிவு அட்டை இருந்தால் வாங்கிப் பாருங்கள். இரண்டு மூன்று மாதமாகக் கோடு மேலே போகாமல் படுத்துக் கிடந்தால் அதுவே ஒரு அறிகுறி.

குழந்தைகளுக்குச் சளி துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். முன்பெல்லாம் காலையில் மூக்குவழியாகக் குழாய் விட்டு வயிற்றிலிருந்து எடுப்பார்கள், இப்போதும் எடுக்கிறார்கள். விழுங்கிய சளி மலத்தில் வரும் என்பதால், மலத்தையே மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பும் முறையும் வந்துவிட்டது. பெற்றோர் முதலில் முகம் சுளிப்பார்கள், குழாயைப் பற்றிச் சொன்னதும் உடனே சம்மதிப்பார்கள். எந்த மாதிரியில் கிருமி கிடைக்காவிட்டாலும், எக்ஸ்ரேயும் அறிகுறியும் சேர்ந்து சொன்னால் மருத்துவர் சிகிச்சை தொடங்கலாம். குழந்தை டிபியில் கிருமி கண்ணில் படாமலே போவது சாதாரணம்.

பால் கொடுக்கும் தாய்க்கு டிபி என்றால் பாலை நிறுத்தச் சொல்லும் உறவினர்கள் நிச்சயம் இருப்பார்கள். நிறுத்த வேண்டாம். பாலில் பரவாது. தாய் முகக்கவசம் போட்டுக்கொண்டு கொடுக்கட்டும், குழந்தையை உடனே மருத்துவரிடம் காட்டுங்கள், பிசிஜி எப்போது போடுவது என்பதை அவர் சொல்வார்.

தோல் பரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும்

நோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் இவை. கிருமி உள்ளே நுழைந்திருக்கிறதா என்பதை மட்டும் சொல்லும், நோய் இருக்கிறதா என்பதைச் சொல்லாது. பாசிட்டிவ் என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு குடும்பமே அழுத வீடுகள் உண்டு. ஊசி போடும் முன்பே இதை விளக்கிவிடுங்கள்.

தோலில் போடுவது மாண்டூ. இதைச் சொல்லும்போது கடைசி எழுத்தை நன்றாக நீட்டிச் சொல்லுங்கள், குறுக்கிச் சொன்னால் வயதானவர்கள் வேறு அர்த்தத்தில் பதறிப்போவார்கள். அதில் போகும் டியூபர்குலின், 1890இல் ராபர்ட் காக் டிபிக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்த திரவத்தின் வழிவந்தது. மருந்தாக அது படுதோல்வி. ஆனால் கிருமி நுழைந்தவர்களின் உடம்பு அதற்கு எதிர்வினை காட்டுவதைக் கவனித்ததால் பரிசோதனையாக இன்றுவரை வாழ்கிறது. முன்கையின் உள்பக்கம், தோலுக்குள்ளேயே, 0.1 மில்லி. சரியாகப் போட்டிருந்தால் 6 முதல் 10 மில்லிமீட்டர் அளவுக்கு வெளிறிய ஒரு கொப்பளம் உடனே எழும்பும். எழும்பவில்லை என்றால் ஆழமாகப் போய்விட்டது, சற்றுத் தள்ளி மறுபடி போட வேண்டும். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். வியாழக்கிழமை போட்டால் வாரக்கடைசியில் யார் பார்ப்பார்கள் என்று யோசித்துவிட்டுப் போடுங்கள். சிவந்திருப்பதை அளக்கக் கூடாது, விரலால் தடவினால் கெட்டியாகத் தட்டுப்படுவதை மட்டும், கையின் குறுக்குவாட்டில் அளக்க வேண்டும். டிபி நோயாளியோடு இருந்தவருக்கு 5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பாசிட்டிவ். "பாசிட்டிவ்" என்று மட்டும் எழுதாமல் மில்லிமீட்டரை எழுதுங்கள், ஒன்றும் இல்லை என்றால் 0.

ரத்தத்தில் செய்வது இக்ரா. ஒரே தடவை வந்தால் போதும், பிசிஜி போட்டதால் பொய்யாகப் பாசிட்டிவ் ஆகாது. ரத்தம் குறித்த நேரத்துக்குள் ஆய்வகத்துக்குப் போயாக வேண்டும், செலவும் கூடுதல். இப்போது பிசிஜியால் குழம்பாத புதுத் தோல் பரிசோதனைகளும் வந்திருக்கின்றன, போடுவதும் படிப்பதும் மாண்டூ மாதிரிதான்.

ஒரு பொறி இருக்கிறது. கிருமி நுழைந்து 2 முதல் 8 வாரம் கழித்துத்தான் இந்தப் பரிசோதனைகளில் தெரியும். நோயாளியோடு கடைசியாக இருந்து சில நாட்களே ஆனவருக்கு நெகட்டிவ் வந்தால், 8 முதல் 10 வாரம் கழித்து மறுபடி செய்ய வேண்டும். எச்ஐவி உள்ளவர்களுக்கும் மிகவும் மெலிந்தவர்களுக்கும் கிருமி இருந்தும் நெகட்டிவ் வரலாம்.

இந்தப் பரிசோதனை கிடைக்காவிட்டால் தடுப்பு மாத்திரையே தரக் கூடாது என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். வீட்டில் கூட இருந்த ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் எச்ஐவி உள்ளவர்களுக்கும், நோய் இல்லை என்று உறுதியானால், இந்தப் பரிசோதனை இல்லாமலே மாத்திரை தொடங்கலாம். பெரியவர்களுக்கும் இதுவே கட்டாயம் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. உங்கள் நாட்டு விதி என்ன என்பதை மேலதிகாரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தடுப்பு மாத்திரை

பல முறைகள் உண்டு. ஐசோனியாசிட் மட்டும் தினமும் 6 மாதம் என்பது பழையது. ஐசோனியாசிடும் ரிஃபாபென்டினும் வாரம் ஒருமுறை, மொத்தம் 12 வாரம். அதே இரண்டும் தினமும் ஒரு மாதம். ஐசோனியாசிடும் ரிஃபாம்பிசினும் தினமும் 3 மாதம், குழந்தைகளுக்கு இது வசதி. ரிஃபாம்பிசின் மட்டும் தினமும் 4 மாதம். எதை, எந்த அளவில் என்பதை மருத்துவர் எடை பார்த்து எழுதுவார். என் அனுபவத்தில் குறுகிய முறைகளைத்தான் ஆட்கள் முடிக்கிறார்கள், மூன்றாவது மாதத்துக்கு மேல் நல்லாயிருக்கும் மனிதனை மாத்திரை சாப்பிட வைப்பது லேசல்ல.

"எனக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்றீங்க, அப்புறம் எதுக்கு மாத்திரை?" இதைக் கேட்காத வீடு கிடையாது. நியாயமான கேள்வி, எரிச்சல் படாதீர்கள். நான் சொல்வது: விதை விழுந்திருக்கு, இன்னும் முளைக்கலை, முளைக்கறதுக்கு முன்னாடி எடுத்துடலாம். அதையும் மீறி வேண்டாம் என்றால் வற்புறுத்த முடியாது, அது அவர் உரிமை. ஆனால் அடுத்த சந்திப்பில் மறுபடி கேளுங்கள்.

தொடங்கும் முன் கல்லீரல் நோய், மது, மற்ற மாத்திரைகள், கர்ப்பம் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ரிஃபாபென்டின் சேர்ந்த முறைகளைப் பொதுவாகக் கர்ப்பிணிகளுக்குத் தருவதில்லை. ரிஃபாம்பிசினும் ரிஃபாபென்டினும் கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். இதைப் பெண்ணிடம் தனியாகச் சொல்லுங்கள், மாமியார் பக்கத்தில் இருக்கும்போது சொல்லிப் பிரயோஜனமில்லை. எச்ஐவி மாத்திரைகளோடும் மோதும் என்பதால் மருத்துவரிடம் முழுப் பட்டியல் போக வேண்டும்.

ரிஃபாம்பிசினோ ரிஃபாபென்டினோ சேர்ந்த முறைகளில் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், கண்ணீரும் வியர்வையும்கூட. முதல் நாளே சொல்லாவிட்டால் ரத்தம் போகிறது என்று பயந்து இரண்டாம் நாளே நிறுத்திவிடுவார்கள். ஆனால் பசியே இல்லாமல் போவது, தொடர்ந்து குமட்டல், காரணமில்லாத அசதி, கண் மஞ்சளாவது, வலது விலாவுக்குக் கீழ் வலி, சிறுநீர் கறுத்துப் போவது, இவை வந்தால் மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். செம்மஞ்சளுக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். கை கால் எரிச்சல், மரத்துப்போவது ஐசோனியாசிடால் வரும், வைட்டமின் பி6 சேர்த்தால் பெரும்பாலும் சரியாகும்.

முதல் நோயாளிக்கு ரிஃபாம்பிசின் எதிர்ப்பு என்று தாளில் இருந்ததா? அப்படியென்றால் மேலே சொன்ன முறைகள் எதையும் நீங்களாகத் தொடங்கக் கூடாது. பல மருந்து எதிர்ப்பு டிபி (ரிஃபாம்பிசினோடு ஐசோனியாசிடுக்கும் அசையாதது) நோயாளியோடு இருந்தவர்களுக்குத் தினமும் லெவோஃப்ளாக்சசின் 6 மாதம் என்று 2024இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அது சிறப்பு மருத்துவரின் முடிவு, நீங்கள் ஆளைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும்.

அதன் பிறகு

நோய் உறுதியானவர் சிகிச்சைக்குப் போவார், அவருக்கும் ஒரு பட்டியல் தொடங்கும். அது வேறு வீடாகவும் இருக்கலாம், அலுத்துக்கொள்ளாமல் தொடங்குங்கள். மாத்திரை எடுப்பவர்களை மாதம் ஒருமுறையாவது பாருங்கள். மாத்திரை வேண்டாம் என்றவர்களையும், மருந்து எதிர்ப்பு நோயாளியோடு இருந்த எல்லாரையும், அவர்கள் மாத்திரை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், இரண்டு வருடம்வரை விட்டு விட்டுப் பார்த்துவர வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் நடைமுறைக்கு ஒத்துவரும். ஒவ்வொரு முறையும் எடை பாருங்கள், அதே நாலு கேள்வியைக் கேளுங்கள்.

வீட்டில் எல்லாரும் மெலிந்திருந்தால் சத்துணவு உதவிக்கு எழுதிப்போடுங்கள். 2023இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், நோயாளிகளின் குடும்பங்களுக்குக் கூடுதல் உணவு கொடுத்தபோது கூட இருந்தவர்களுக்கு டிபி வருவது சுமார் 39 சதவீதம் குறைந்தது. மாத்திரை இல்லாமல் இவ்வளவு குறைந்தது எனக்கே ஆச்சரியம்தான்.

பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எந்தத் தேதியில் என்ன செய்தீர்கள் என்று எழுத வேண்டும்: அறிகுறி, எக்ஸ்ரே, சளி முடிவு, தோல் பரிசோதனை அளவு, மாத்திரை தொடங்கிய நாள், முடித்த நாள். காலியான கட்டம் எதுவும் இருக்கக் கூடாது. போனபோது ஆள் வீட்டில் இல்லை என்றால் "இல்லை" என்று எழுதிவிட்டு நகராதீர்கள். அதன் பக்கத்திலேயே எந்த நேரத்தில் வீடு திரும்புவார் என்று கேட்டு எழுதி, மறுபடி போகும் தேதியையும் போடுங்கள். வேலைக்குப் போகும் ஆண்கள்தான் இந்தக் கட்டத்தில் அதிகம் மாட்டுவார்கள், அவர்களைப் பார்க்க விடிகாலையிலோ விளக்கு வைத்த பிறகோதான் போயாக வேண்டும்.